விஎம்முக்குள் கர்னல் எழவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கான்ஃபிக்கைத் திருத்தும் வழி

விஎம் என்பது விர்ச்சுவல் மெஷின், அதாவது மென்பொருளால் அமைந்த கணினி. அதற்குள் ஓடும் லினக்ஸ் கர்னலுக்கு, அடியில் இருக்கும் நிஜக் கணினி கண்ணில் படாது. ஹோஸ்டில், அதாவது அந்த நிஜக் கணினியில், எவ்வளவு வேகமான டிஸ்க் இருந்தாலும், எந்த நெட்வொர்க் கார்டு இருந்தாலும், கெஸ்டுக்கு, அதாவது விஎம்முக்கு, தெரிவது அதை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் நீட்டும் சில சாதனங்கள் மட்டுமே: ஒரு விர்ட்டியோ டிஸ்க், ஒரு விர்ட்டியோ கார்டு, ஒரு சீரியல் போர்ட். விர்ட்டியோ என்பது விஎம்களுக்கென்றே வகுத்த சாதன வகை. கெஸ்ட் கர்னலுக்கான கான்ஃபிக், அதாவது கர்னலில் எவை சேர வேண்டும் என்று சொல்லும் கோப்பு, அந்தச் சில சாதனங்களைப் பார்த்து எழுதப்பட வேண்டும். ஹோஸ்டின் கான்ஃபிக்கை அப்படியே எடுத்து வெட்டிச் சுருக்கும்போதுதான் கீழே வரும் கோளாறுகளில் பலவும் முளைக்கின்றன.

இங்கே சொல்வது எக்ஸ்86 64-பிட் கெஸ்ட், க்யூஎமு-கேவிஎம் ஹோஸ்ட் என்ற அமைப்பை வைத்து. மற்ற ஹைப்பர்வைசர்கள் தேவையான இடத்தில் வருகின்றன. எல்லா ஆப்ஷன் பெயர்களும் ‘கான்ஃபிக்_’ என்றே தொடங்குவதால் அந்த முன்னொட்டை விட்டிருக்கிறோம். ‘ஒய்’ என்றால் கர்னலுக்குள்ளேயே சேர்வது, ‘எம்’ என்றால் டிஸ்கில் தனியாக இருக்கும் மாட்யூல்.

எதையும் தொடுமுன் ஒரு வேலை. கெஸ்டில் டிஸ்ட்ரோ தந்த கர்னலையே பூட் செய்து ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ ஓட்டி வெளியீட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் கீழே எந்த டிரைவர் ஓடுகிறது என்று வரும். விர்ட்டியோ சாதனங்களின் வெண்டர் எண் 1ஏஎஃப்4. அதோடு 1000 அல்லது 1041 இருந்தால் நெட்வொர்க், 1001 அல்லது 1042 இருந்தால் பிளாக் டிஸ்க், 1004 அல்லது 1048 இருந்தால் ஸ்கஸி. இந்த ஒரு பக்க வெளியீடுதான் உங்கள் கான்ஃபிக்கின் அளவுகோல்.

அறிகுறி: ‘கேவிஎம்’ ஆப்ஷனை ஆன் செய்தும் கெஸ்டில் எதுவும் மாறவில்லை

பெயர் ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம் இது. மெனுவில் தனியாக நிற்கும் ‘விர்ச்சுவலைசேஷன்’ பகுதியும் அதிலுள்ள கேவிஎம், கேவிஎம்_இன்டெல், கேவிஎம்_ஏஎம்டி ஆகியவையும் விஎம்களை ஓட்டும் ஹோஸ்டுக்கானவை. விஎம்முக்குள் ஓடும் கர்னலுக்கு வேண்டியவை ‘ப்ராசசர் டைப் அண்ட் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் ‘லினக்ஸ் கெஸ்ட் சப்போர்ட்’ என்பதன் கீழ் இருக்கின்றன: ஹைப்பர்வைசர்_கெஸ்ட், பாராவிர்ட், கேவிஎம்_கெஸ்ட்.

குறுக்கு வழியும் உண்டு. கர்னல் மூலத்திலேயே கெஸ்டுக்கான துண்டுக் கான்ஃபிக் ஒன்று வருகிறது. முதலில் ‘மேக் டெஃப்கான்ஃபிக்’, அடுத்து ‘மேக் கேவிஎம்_கெஸ்ட்.கான்ஃபிக்’. இரண்டே கட்டளையில் விர்ட்டியோ டிஸ்க், நெட்வொர்க், சீரியல் கன்சோல் எல்லாம் ‘ஒய்’ ஆகிவிடும். பழைய கர்னல்களில் இரண்டாவது கட்டளைக்கு ‘மேக் கேவிஎம்கான்ஃபிக்’ என்று பெயர். ஜென் என்ற இன்னொரு ஹைப்பர்வைசரின் கெஸ்டுக்கு ‘மேக் ஜென்.கான்ஃபிக்’. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான அடித்தளம் கிடையாது. முதலில் இதைப் பூட் ஆக்குங்கள், குறைப்பதைப் பிறகு பார்க்கலாம்.

சரியாக அமைந்ததா என்று, கர்னலின் செய்திகளைத் தரும் ‘டிமெசேஜ்’ கட்டளை காட்டும். ‘பூட்டிங் பாராவிர்ச்சுவலைஸ்டு கர்னல் ஆன் கேவிஎம்’ என்று வந்தால் சரி. அதே வரி ‘ஆன் பேர் ஹார்டுவேர்’ என்று முடிந்தால் கேவிஎம்_கெஸ்ட் உள்ளே வரவில்லை.

அறிகுறி: கான்ஃபிக் கோப்பில் எழுதிய ஆப்ஷன், பில்ட் தொடங்கியதும் காணாமல் போகிறது

கோப்பை எடிட்டரில் திறந்து ‘=ஒய்’ என்று எழுதினாலும், ‘ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக் --எனேபிள்’ வழியாகச் செய்தாலும் யாரும் சார்புகளைச் சரிபார்ப்பதில்லை. அடுத்து ஓடும் ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’தான் சரிபார்க்கிறது. சார்பு நிறைவேறாத ஆப்ஷனை அது ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தூக்கிவிடும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். சீரியல்_8250 ‘எம்’ ஆக இருக்கிறது. நீங்கள் சீரியல்_8250_கன்சோல் ஆப்ஷனை ‘ஒய்’ என்று எழுதுகிறீர்கள். கன்சோல் ஆப்ஷன் கேட்பது சீரியல்_8250 ‘ஒய்’ ஆக இருப்பதை, ‘எம்’ போதாது. ஓல்ட்டெஃப்கான்ஃபிக் முடிந்ததும் உங்கள் வரி போய்விடும். பில்ட் வெற்றி, பூட் கறுப்புத் திரை.

மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டு விசையை அழுத்தி ஆப்ஷன் பெயரைத் தேடுங்கள். ‘டிபெண்ட்ஸ் ஆன்’ வரியில் ஒவ்வொரு சார்பின் பக்கத்திலும் அதன் இப்போதைய மதிப்பு இருக்கும். ‘=என்’ என்றோ, ‘ஒய்’ வேண்டிய இடத்தில் ‘=எம்’ என்றோ இருப்பதே குற்றவாளி. பில்டுக்கு முன்னும் பின்னும் கோப்பின் பிரதி வைத்துக்கொண்டு ‘ஸ்கிரிப்ட்ஸ்/டிஃப்கான்ஃபிக்’ மூலம் ஒப்பிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் தேடுவது மிச்சம்.

அறிகுறி: பில்ட் பாதியில் நிற்கிறது

‘நோ ரூல் டு மேக் டார்கெட்’ என்று தொடங்கி ஒரு ‘.பெம்’ கோப்பின் பெயர் வந்தால், டிஸ்ட்ரோவின் கான்ஃபிக்கை எடுத்திருக்கிறீர்கள். அவர்களுடைய சான்றிதழ் உங்களிடம் இல்லை. சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ், சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ் இரண்டின் மதிப்பையும் வெற்று மேற்கோளாக்குங்கள்.

‘பேஹோல் கிடைக்கவில்லை’ என்ற பொருளில் பிழை வந்து பிடிஎஃப் (கர்னலின் தரவு வகைகளைப் பற்றிய தகவல்) உருவாக்கம் தோற்றால், ‘ட்வார்வ்ஸ்’ தொகுப்பை நிறுவுங்கள். அல்லது டீபக்_இன்ஃபோ_பிடிஎஃப் ஆப்ஷனை அணையுங்கள். ஓஆர்சி, லிப்எல்ஃப் என்ற சொற்கள் வந்தால் லிப்எல்ஃப் டெவலப்மென்ட் தொகுப்பு இல்லை. ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர் இல்லை என்றாலும் இதே கதை. ஃபிளெக்ஸ், பைசன், பிசி மூன்றும் இல்லாமல் தொடக்கமே இல்லை.

பிழைச் செய்தியே இல்லாமல் ‘கில்டு’ என்று மட்டும் வந்து நின்றால் நினைவகம் தீர்ந்துவிட்டது. விஎம்முக்குள்ளேயே பில்ட் செய்பவர்களுக்கு, விஎம்லினக்ஸ் கோப்பை இணைக்கும் கடைசிக் கட்டத்தில் இது வரும். அதை உறுதிசெய்ய டிமெசேஜில் ‘அவுட் ஆஃப் மெமரி’ தேடுங்கள். இணைப்பு என்பது ஒரே ப்ராசஸ். ‘-ஜே’ எண்ணைக் குறைப்பதால் அந்த இடத்தில் பெரிய பலன் இல்லை. டீபக் தகவலை அணைப்பதே மருந்து: 5.18 முதல் டீபக்_இன்ஃபோ_நன் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கு முன் டீபக்_இன்ஃபோ ஆப்ஷனையே எடுத்துவிட வேண்டும். இதோடு பிடிஎஃப்-உம் போய்விடும் என்பதால் அதை நம்பியிருக்கும், கர்னலைக் கண்காணிக்கும் பிபிஎஃப் கருவிகள் ஓடாது. அவை வேண்டுமென்றால் ஸ்வாப் சேர்ப்பதுதான் வழி.

அறிகுறி: திரையில் ஒரு வரிகூட இல்லை

கர்னல் செத்துவிட்டதா, பேச வாய் இல்லாமல் நிற்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். கர்னல் கட்டளை வரியில் ‘எர்லிபிரிண்ட்கே=சீரியல்,டிடிஒய்எஸ்0,115200’ சேருங்கள்; இதற்கு எர்லி_பிரிண்ட்கே ஆன் ஆகியிருக்க வேண்டும். வரிகள் ஓடத் தொடங்கி நடுவில் நின்றால் கர்னல் உயிரோடுதான் இருக்கிறது, நிரந்தரக் கன்சோல்தான் இல்லை. அப்போது பார்க்க வேண்டியவை: சீரியல்_8250, சீரியல்_8250_கன்சோல் இரண்டும் ‘ஒய்’, கட்டளை வரியில் ‘கன்சோல்=டிடிஒய்எஸ்0’.

இரண்டு கன்சோல் கொடுத்தால் வரிசை முக்கியம். கர்னல் செய்திகள் இரண்டிலும் வரும். ஆனால் /டெவ்/கன்சோல் ஆவது கடைசியாகச் சொன்னதுதான். ‘கர்னல் செய்தி வருகிறது, இனிட் (கர்னல் ஓட்டும் முதல் நிரல்) தொடங்கியதும் அமைதியாகிவிடுகிறது’ என்ற புகாருக்கு இந்த வரிசையே காரணமாக இருப்பதுண்டு.

ஆர்ம்64 கெஸ்டில், க்யூஎமுவின் ‘விர்ட்’ மெஷின் என்றால் 8250 வேலைக்கு ஆகாது. சீரியல்_ஆம்பா_பிஎல்011, அதன் கன்சோல் ஆப்ஷன், சாதனப் பெயர் டிடிஒய்ஏஎம்ஏ0. ஜென் என்றால் ஹெச்விசி_ஜென், பெயர் ஹெச்விசி0.

க்யூஎமுவே ‘பிவிஹெச் எல்ஃப் நோட் இல்லை’ என்று சொல்லி நின்றுவிட்டால், சுருக்கப்படாத விஎம்லினக்ஸ் கோப்பை நேரடியாகக் கொடுத்திருக்கிறீர்கள். பிவிஹெச் ஆப்ஷனை ஆன் செய்யுங்கள், அல்லது பிஇசட்இமேஜ் கோப்பைக் கொடுங்கள்.

அறிகுறி: ‘அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்’

கெஸ்ட் கர்னல் பில்ட் செய்பவர் யாரும் தப்பாத பேனிக் (கர்னல் மேலே ஓட முடியாமல் நின்றுவிடுவது) இது. இதைப் பார்த்ததும் கான்ஃபிக்கைத் திறக்காதீர்கள். முதலில் அடைப்புக்குள் இருக்கும் இரண்டு எண்களையும், அதற்குச் சற்று மேலே கர்னல் அச்சிடும் பார்டிஷன் பட்டியலையும் படியுங்கள். கோளாறு எங்கே என்பதை அவை இரண்டுமே சொல்லிவிடும்.

*எண்கள் (0,0), பட்டியல் காலி.* கர்னலுக்கு டிஸ்கே தெரியவில்லை. விர்ட்டியோ டிஸ்குக்கு மூன்று கண்ணிகள் உண்டு: பிசிஐ பஸ், அதன்மேல் விர்ட்டியோ_பிசிஐ, அதன்மேல் விர்ட்டியோ_பிஎல்கே. கடைசிக் கண்ணியை மட்டும் ‘ஒய்’ ஆக்கிவிட்டு நடுக் கண்ணியை ‘எம்’ ஆக விடுவது அடிக்கடி நடக்கிறது. டிஸ்க் டிரைவர் கர்னலுக்குள் தயாராக இருக்கும். ஆனால் டிஸ்கைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டிய விர்ட்டியோ_பிசிஐ மாட்யூல் அந்த டிஸ்கின் உள்ளேயே கிடக்கும். பெட்டிக்குள் பூட்டிய சாவி. இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் டிஸ்க் கிடைக்கும்வரை நினைவகத்தில் இருக்கும் சிறு ஃபைல்சிஸ்டம்) இல்லாமல் பூட் செய்தால் மூன்றும் ‘ஒய்’ ஆக இருந்தே ஆக வேண்டும்.

விர்ட்டியோ ஸ்கஸி என்றால் இன்னொரு கண்ணி கூடுகிறது: ஸ்கஸி, ஸ்கஸி_விர்ட்டியோ, பிஎல்கே_டெவ்_எஸ்டி. இந்தக் கடைசி ஒன்று விடுபட்டால் டிமெசேஜில் கன்ட்ரோலர் தெரியும், டிஸ்கின் தயாரிப்பாளர், மாடல் பெயர்கூட வரும், எஸ்டிஏ மட்டும் பிறக்காது. ஹைப்பர்-வி கெஸ்டில் ஹைப்பர்வி, ஹைப்பர்வி_ஸ்டோரேஜ், கூடவே அதே ஸ்கஸி, பிஎல்கே_டெவ்_எஸ்டி. விஎம்வேரின் பாராவிர்ச்சுவல் கன்ட்ரோலருக்கு விஎம்வேர்_பிவிஸ்கஸி. சாட்டா கன்ட்ரோலர் காட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்முக்கு ஏடிஏ, சாட்டா_ஏஹெச்சிஐ, பிஎல்கே_டெவ்_எஸ்டி. ஜென் என்றால் ஜென்_பிஎல்கேடெவ்_ஃப்ரண்ட்எண்ட். ஃபயர்கிராக்கர் போன்ற மைக்ரோவிஎம்களில் எம்எம்ஐஓ வழியாக விர்ட்டியோ வருவதால் விர்ட்டியோ_எம்எம்ஐஓ, விர்ட்டியோ_எம்எம்ஐஓ_சிஎம்டிலைன்_டிவைசஸ் இரண்டும் தேவைப்படலாம்.

*எண்கள் (0,0), ஆனால் பட்டியலில் விடிஏ1 இருக்கிறது.* டிரைவர் சரி, பெயர்தான் தவறு. கட்டளை வரியில் ரூட் என்பதற்கு எஸ்டிஏ1 என்று எழுதியிருப்பீர்கள், விர்ட்டியோவில் அது விடிஏ1. அல்லது ‘ரூட்=யூயூஐடி=’ என்று கொடுத்து இனிட்ராம்எஃப்எஸ்ஸை விட்டிருப்பீர்கள். ஃபைல்சிஸ்டம் யூயூஐடியைப் படித்துத் தேடுவது இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருக்கும் நிரல்களின் வேலை. கர்னல் தானாகப் புரிந்துகொள்வது பார்ட்யூயூஐடி. ‘பிஎல்கேஐடி’ கட்டளை இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதால் மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

*பட்டியலில் விடிஏ இருக்கிறது, விடிஏ1 இல்லை.* பார்டிஷன் அட்டவணையைக் கர்னலால் படிக்க முடியவில்லை. ஜிபிடி டிஸ்குக்கு இஎஃப்ஐ_பார்டிஷன் வேண்டும். பயாஸில் பூட் ஆகும் விஎம் என்பதால் ‘இஎஃப்ஐ எதற்கு’ என்று அணைத்துவிடுகிறார்கள். இந்த ஆப்ஷனுக்கும் ஃபர்ம்வேருக்கும் தொடர்பில்லை, பெயர் மட்டும்தான் அப்படி.

*எண்கள் பூஜ்யம் அல்ல, உதாரணமாக (254,1) அல்லது (8,1).* டிஸ்கும் பார்டிஷனும் கிடைத்துவிட்டன. ஃபைல்சிஸ்டம்தான் இல்லை: எக்ஸ்ட்4_எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ்_எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ்_எஃப்எஸ் ‘எம்’ ஆக இருக்கும். 8 என்பது ஸ்கஸி டிஸ்கின் மேஜர் எண், மாறாதது. விர்ட்டியோ டிஸ்கின் மேஜர் எண் பூட் நேரத்தில் ஒதுக்கப்படுவது. 252, 253, 254 என்று எதுவாகவும் வரலாம்.

*இனிட்ராம்எஃப்எஸ் கொடுத்தும் (0,0) வருகிறது.* பேனிக்குக்கு வெகு மேலே, ஆரம்ப வரிகளில், ‘இனிட்ராம்எஃப்எஸ் அன்பேக்கிங் ஃபெயில்டு’ இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்ட்ரோ அதை இசட்எஸ்டிடியில் சுருக்கியிருக்கும். நீங்கள் ஆர்டி_இசட்எஸ்டிடி ஆப்ஷனை அணைத்திருப்பீர்கள். அதே வரியில் ‘ரைட் எரர்’ என்று வந்தால் கெஸ்டுக்குக் கொடுத்த நினைவகம் விரிப்பதற்குப் போதவில்லை. அந்த வரியே இல்லை, இனிட்ராம்எஃப்எஸ் பற்றிப் பேச்சே இல்லை என்றால் பிஎல்கே_டெவ்_இனிட்ஆர்டி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்லோடர் உண்மையிலேயே கோப்பை ஏற்றுகிறதா என்பதையும் பாருங்கள்.

அறிகுறி: இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் வந்து நிற்கிறது

ரூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்று சொல்லி ஒரு சிறு ஷெல் திறக்கும். அங்கேயே ‘யூநேம் -ஆர்’ அடித்து, /லிப்/மாட்யூல்ஸ் கீழ் அதே பெயரில் அடைவு இருக்கிறதா என்று பாருங்கள். லோக்கல்வெர்ஷன்_ஆட்டோ ஆன் ஆகியிருந்தால் கிட் நிலையைப் பொறுத்துப் பெயரின் கடைசியில் கமிட் எண்ணோ ‘டர்ட்டி’ என்ற வாலோ ஒட்டிக்கொள்ளும். கர்னல் ஒரு பெயரோடும் மாட்யூல்கள் வேறு பெயரோடும் இருந்தால் ஒன்றும் ஏறாது.

பெயர் பொருந்துகிறது, மாட்யூல்தான் இல்லை என்றால் வரிசை பிசகியிருக்கும். ‘மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்’ முதலில், ‘மேக் இன்ஸ்டால்’ பிறகு. இரண்டாவது கட்டளைதான் பல டிஸ்ட்ரோக்களில் இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்குகிறது. இனிட்ராம்எஃப்எஸ் நூற்றுக்கணக்கான எம்பி வீங்கியிருந்தால் மாட்யூல்களில் டீபக் தகவல் அப்படியே இருக்கிறது. ‘இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1’ சேர்த்து மாட்யூல்களை மறுபடி நிறுவுங்கள்.

‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ பயன்படுத்தியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டளை ஓடும் கணினியில் அந்த நொடியில் ஏறியிருக்கும் மாட்யூல்களைத் தவிர மற்றவற்றை நீக்கிவிடும். ஹோஸ்டில் ஓட்டினால் ஹோஸ்டுக்கான கர்னல்தான் கிடைக்கும், விர்ட்டியோவுக்கு அங்கே இடமிருக்காது. கெஸ்டில் ‘எல்எஸ்மாட்’ வெளியீட்டைக் கோப்பாக எடுத்து, ‘எல்எஸ்மாட்=’ என்று அந்தக் கோப்பைச் சுட்டி ஓட்டுங்கள். அதற்கு முன் கெஸ்டில் ஐஎஸ்ஓ ஒன்றை மவுண்ட் செய்து, விபிஎன் போன்றவற்றை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அப்போது ஏறாத மாட்யூல் பிறகு கிடைக்காது.

அறிகுறி: ரூட் மவுண்ட் ஆகிறது, இனிட் ஓடவில்லை

பிழை எண்ணைப் பாருங்கள். -8 என்றால் அந்தக் கோப்பை ஓட்டத் தெரியவில்லை: இனிட் ஷெல் ஸ்கிரிப்டாக இருந்தால் பின்எஃப்எம்டி_ஸ்கிரிப்ட், இயல்பான நிரல் என்றால் பின்எஃப்எம்டி_எல்ஃப், 32-பிட் நிரல் என்றால் ஐஏ32_எமுலேஷன். -2 என்றால் கோப்பு இல்லை. கோப்பு கண்ணெதிரே இருந்தும் -2 வந்தால் அது தேடும் டைனமிக் லோடர் இல்லை.

‘அனேபிள் டு ஓபன் ஆன் இனிஷியல் கன்சோல்’ என்ற எச்சரிக்கைக்கு டெவ்டிஎம்பிஎஃப்எஸ், டெவ்டிஎம்பிஎஃப்எஸ்_மவுண்ட் இரண்டையும் ஆன் செய்யுங்கள். இரண்டாவது ஆப்ஷன் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குப் பொருந்தாது. அங்கே உங்கள் ஸ்கிரிப்ட்தான் மவுண்ட் செய்ய வேண்டும்.

அறிகுறி: நெட்வொர்க் கார்டு இருக்கிறது, ஐபி கிடைக்கவில்லை

கார்டே இல்லை என்றால் டிஸ்குக்குச் சொன்ன அதே சங்கிலி, கடைசிக் கண்ணி விர்ட்டியோ_நெட். கார்டு இருந்தும் டிஹெச்சிபி மட்டும் தோற்று, ‘அட்ரஸ் ஃபேமிலி நாட் சப்போர்ட்டட்’ என்று வந்தால் பேக்கெட் ஆப்ஷன் அணைந்திருக்கிறது. டிஹெச்சிபி கிளையன்ட் ஐபி முகவரி கிடைப்பதற்கு முன்பே பேச வேண்டியிருப்பதால் அதற்கு மூலப் பாக்கெட் சாக்கெட் தேவை. கையால் ஐபி கொடுத்தால் எல்லாம் ஓடும் என்பதால் இதை டிரைவர் கோளாறு என்று நினைத்துத் தேடக் கூடாத இடத்தில் தேடுகிறார்கள்.

அறிகுறி: யூஇஎஃப்ஐ விஎம் எமர்ஜென்சி மோடில் விழுகிறது

/பூட்/இஎஃப்ஐ மவுண்ட் ஆகவில்லை. விஃபேட்_எஃப்எஸ் இருந்தும் தோற்றால் டிமெசேஜில் ‘கோட்பேஜ் சிபி437’ அல்லது ‘ஐஎஸ்ஓ8859-1’ கிடைக்கவில்லை என்றிருக்கும். என்எல்எஸ்_கோட்பேஜ்_437, என்எல்எஸ்_ஐஎஸ்ஓ8859_1 இரண்டையும் சேர்த்தால் தீர்ந்தது.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் மந்தம், கடிகாரமும் தவறுகிறது

/சிஸ் கீழ் டிவைசஸ், சிஸ்டம், கிளாக்சோர்ஸ் வழியாகச் சென்று ‘கரண்ட்_கிளாக்சோர்ஸ்’ கோப்பைப் படியுங்கள். ‘கேவிஎம்-கிளாக்’ நல்லது. ‘டிஎஸ்சி’ (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் நேர எண்ணி) வந்தாலும் பதற வேண்டாம். ப்ராசசரின் டிஎஸ்சி நிலையானது என்று தெரிந்தால் கர்னல் அதையே விரும்பி எடுக்கும். ‘ஹெச்பிஇடி’, ‘ஏசிபிஐ_பிஎம்’ வந்தால்தான் சிக்கல். ஒவ்வொரு முறை நேரம் கேட்கும்போதும் கெஸ்டிலிருந்து வெளியேறி ஹைப்பர்வைசருக்குப் போய்வர வேண்டும். டேட்டாபேஸ் போல நொடிக்கு ஆயிரக்கணக்கில் நேரம் கேட்கும் நிரல்கள் இதில் படுத்துவிடும். கேவிஎம்_கெஸ்ட் ஆனதா என்று திரும்பப் போய்ப் பாருங்கள். ஹோஸ்டின் நேரத்தோடு கெஸ்டை ஒட்டவைக்க பிடிபி_1588_கிளாக்_கேவிஎம் இருக்கிறது. அது தரும் பிடிபி சாதனத்தை, நேரத்தைச் சரிசெய்யும் நிரலான க்ரோனிக்குக் காட்டினால் போதும்.

ஹோஸ்டில் இருக்கும் கோர்களைவிட அதிகமான விசிபியூக்களை (விர்ச்சுவல் ப்ராசசர்) பங்கிட்டிருந்தால் பாராவிர்ட்_ஸ்பின்லாக்ஸ் அவசியம். லாக்கை வைத்திருக்கும் விசிபியூவை ஹோஸ்ட் உறங்கவைத்துவிட்டால், இந்த ஆப்ஷன் இல்லாத கெஸ்டில் மற்ற விசிபியூக்கள் வெறுமனே சுற்றிச் சுற்றி நேரத்தை எரிக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மந்தம் என்றால் கேசன், ப்ரூவ்_லாக்கிங் போன்ற சோதனை ஆப்ஷன்கள் யாரோ கொடுத்த கான்ஃபிக்கிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். பொதுவகைக் கேசன் மட்டும் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

சிறு அறிகுறிகள்

ஹோஸ்டிலிருந்து ஷட்டவுன் கொடுத்தால் கெஸ்ட் அசையவில்லை: ஏசிபிஐ_பட்டன் இருந்தால் மட்டும் போதாது, இன்புட்_ஈவிடெவ் வேண்டும். பவர் பட்டன் அழுத்தத்தை சிஸ்டம்டி-லாகின்டி அந்த வழியாகத்தான் படிக்கிறது.

கெஸ்ட் ஏஜென்ட் இணையவில்லை: அது பேசும் வாய்க்கால் விர்ட்டியோ_கன்சோல்.

பகிர்ந்த அடைவு மவுண்ட் ஆகவில்லை: 9பி என்றால் நெட்_9பி, நெட்_9பி_விர்ட்டியோ, 9பி_எஃப்எஸ். ‘நோ சேனல்ஸ் அவைலபிள்’ என்று வந்தால் மவுண்ட் டேக் ஹோஸ்டில் கொடுத்ததோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். விர்ட்டியோஎஃப்எஸ் என்றால் ஃபியூஸ்_எஃப்எஸ், விர்ட்டியோ_எஃப்எஸ். ஹோஸ்ட் பக்கம் கெஸ்டின் நினைவகம் பகிரக்கூடியதாக அமைந்திருக்க வேண்டும்.

எட்டு விசிபியூ கொடுத்தும் நான்குதான் தெரிகிறது: என்ஆர்_சிபியூஸ் எண்ணை உயர்த்துங்கள். ஒன்றே ஒன்று தெரிந்தால் எஸ்எம்பி ஆப்ஷனே அணைந்திருக்கிறது.